கட்டத்தில் வராத மூன்று அடி

இன்று காலை அலுவலகத்தில் பழைய லாக்கர்களைக் காலி செய்தார்கள். யாரும் கேட்டு வராத பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ரிசப்ஷன் மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒரு குடை, மூடி இல்லாத டிபன் டப்பா, அவற்றுக்கு அடியில் உன் கரும்பச்சை ஸ்வெட்டர். கையில் எடுத்ததும் தலைவலித் தைலம் மணந்தது. எட்டு மணி நேரம் திரையைப் பார்த்து முடித்ததும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு, விரலில் மிச்சம் இருப்பதை ஸ்வெட்டர் கையில் துடைப்பாய். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. வாசனை போகவில்லை. "நிம்தா மேடம்?" என்று செக்யூரிட்டி கன்னடத்தில் கேட்டார், உங்களுடையதா என்று. ஆமாம், என்னுடையதுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, நடந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால்தான் எனக்கு வரும். உனக்குத்தான் தெரியுமே.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று ஊரில் நான் யாருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் எடை போடுகிற அப்பா, மகளுக்குப் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். புதுப்படங்கள் போனுக்கும் டிவிக்கும் வருவதற்கு முன்னால் அவற்றை உட்கார்ந்து பார்த்து, குடும்பத்தோடு பார்க்கலாமா கூடாதா என்று குறித்துக் கொடுக்கும் வேலை அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஊரில், டிவியில் கதாநாயகன் கதாநாயகியின் பக்கத்தில் வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். இங்கே அதே இடத்தில் படத்தை நிறுத்தி, எத்தனையாவது நிமிஷம், எத்தனை செகண்ட் என்று எழுத வேண்டும்.

படிவத்தில் ஆறு கட்டங்கள். அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை, புகையும் குடியும், படுக்கையறை, பயம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒத்துப்பார்த்து, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் படிவம் மேலே போகும். எனக்கு ஜோடியாக உன்னைப் போட்டார்கள். முதல் வாரமே ஒரு முத்தக்காட்சியில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் சாய்ந்தாய்.

"ஏன் மா, கீபோர்டுல என்ன படம் ஓடுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? முழுசா நாப்பது செகண்ட் ஓடியிருக்கு. சும்னே உக்காராத, எழுது. அவங்களே வெக்கப்படல, உனக்கென்ன வந்துச்சு?"

வரிசையே சிரித்தது. நான் நாற்பது செகண்ட் என்று எழுதினேன்.

நீ பெங்களூர் ஆடுகோடிக்காரி, உன் தமிழில் கன்னடம் கலந்து வரும். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். ஒரு ஹால், ஏழு பேர், ஒரு டிவி. "தனியா பாக்கிற படம்னு எங்க வீட்டுல ஒண்ணு கிடையாது மா. பிடிக்கலேன்னா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கணும்" என்பாய். அதனால்தானோ என்னவோ, ஒத்துப்பார்க்க உட்காரும்போது கட்டங்களைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்பாய். "இந்தப் படத்த யாரு பக்கத்துல உக்காந்து பாத்தா கஷ்டமா இருக்கும், சொல்லு." நான் எப்போதும் "அப்பா" என்பேன். உன் பதில் படத்துக்குப் படம் மாறும். கல்யாணமாகாத பெண்ணைக் கிண்டல் செய்யும் படம் என்றால் "எங்க அத்தை" என்பாய். கறுப்பு நிறத்தை வைத்து ஜோக் அடித்த படத்துக்கு, நம் அலுவலக மாடியைப் பெருக்க வரும் அக்காவைச் சொன்னாய். இதற்கெல்லாம் கட்டம் இல்லையே என்பேன். "கட்டம் இல்லேன்னா குறிப்புல எழுதலாம்ல? அதுக்குத்தானே எடம் விட்டிருக்கான்."

குறிப்பு எழுதினால் படம் மேலதிகாரிகளின் பார்வைக்குப் போகும். ஒரு நாள் தாமதமாகும். யாராவது கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயத்தில்தான் பயம்.

அந்தப் படம் மார்கழியில் வந்தது. ரத்தம் இல்லை, குடி இல்லை, முத்தம் இல்லை. கூட்டுக்குடும்பம், கோவில், விருந்து. கதாநாயகன் மனைவியை மூன்று இடத்தில் அறைகிறான். மூன்றாவது அறைக்குப் பின்னணியில் காமெடிப் படத்துக்குப் போடுகிற இசை வரும். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனவள், கடைசியில் பெட்டியோடு தானே திரும்பி வருவாள். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். காயம் தெரியாத ஒற்றை அடியைக் குறிக்க வேண்டாம் என்பது நமக்குக் கொடுத்திருந்த விதி. மூன்றும் ஒற்றை அடிதான்.

"மூணு ஒண்ணு சேந்தா மூணு. குறிப்புல போடுவோம்" என்றாய்.

"விதியில இல்லையே."

"ஏய், அவன் அடிச்சதுக்கு மியூசிக் போட்டுச் சிரிக்க வெக்கிறாங்க. உனக்குக் கேக்கலையா?"

கேட்டது. அதற்குள் டீம் லீடர் வந்து பின்னால் நின்றார். "இன்னும் முடியலையா நீங்க?" நீ என்னைப் பார்த்தாய். நான் அவரைப் பார்த்து, "எல்லாமே ஜீரோதான் சார், முடிஞ்சுது" என்றேன். நீ ஒப்புக்கொண்டதாக உன் பெயரையும் போட்டாய். படம் "குடும்பத்தோடு பார்க்க" என்ற வரிசையில் முதலிடத்தில் வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அக்கா இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். மாமா அடித்ததில் ஒரு பல் ஆடிப்போய், நான்கு வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டிலிருந்து வந்திருந்தாள். வீட்டில் யாரும் அதை அடி என்று சொல்லவில்லை. மனஸ்தாபம் என்றார்கள். ஓசூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன், பாப்பாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பொங்கல் முடியட்டும் பார்க்கலாம் என்று அப்பா தள்ளிக்கொண்டிருந்தார். அவள் இருப்பதா போவதா என்பது அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டுப் பொங்கலன்று மதியம் அப்பா சொன்னார். "எல்லாரும் உக்காந்து பாக்கிற மாதிரி ஒரு படம் போடும்மா. நடுவுல ஏதாவது வந்து மானத்த வாங்கப்போவுது, பாத்துப் போடு."

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே படம்தான். யாரும் தலையைக் குனிய வேண்டியதில்லை என்று நிமிஷ நிமிஷமாகத் தெரிந்த படம். அதைத்தான் போட்டேன். அக்காவை நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

மூன்றாவது அறை விழுந்தபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பாப்பா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் கைதட்டிச் சிரித்தாள். அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. பிறகு மறுபடியும் பின்னினாள். படம் முடிந்ததும் அப்பா, "இதான் படம். ஒரு அசிங்கம் இல்ல, ஒரு ஆபாசம் இல்ல" என்றார். மறுநாள் காலையில் அக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நானே போறேன்பா." நல்ல முடிவு என்று அப்பாவே போய் பஸ் ஏற்றிவிட்டார்.

ஓசூர் பஸ்ஸிலிருந்து உனக்குப் போன் செய்து அழுதேன். அன்றைக்கே சொன்னேனே என்று நீ சொல்லவில்லை. "அக்கா வீடு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பாலக்கோடு போனோம். மாமா வெளியே போயிருந்தார். அக்கா டீ போட்டாள். அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது என்று நான் ஆரம்பித்ததும் அவள் கையை ஆட்டி நிறுத்தினாள்.

"படத்தப் பாத்துட்டு யாராச்சும் பொட்டியக் கட்டுவாங்களாடி? அப்பா சிரிச்சாரு. பாப்பாவும் சிரிச்சா. அப்புறம் நான் அங்க இருந்து யார்கிட்ட என்னன்னு சொல்றது?"

நீ அவள் போனை வாங்கி உன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாய். "சும்மா கால் பண்ணுங்கக்கா. நான் படத்துக் கதை நல்லா சொல்லுவேன். உங்க தங்கச்சிகிட்ட கேக்காதீங்க, அவ கதைக்குப் பதிலா நிமிஷத்தச் சொல்லுவா." அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டிய பிறகு நீ வாயைத் திறந்தாய். "அன்னிக்குக் குறிப்பு எழுத நீ ஒத்துக்கிட்டிருந்தா அந்தப் படம் அந்த வரிசையில முதல்ல வந்திருக்காது. இதத் தெரிஞ்சுக்கோ. ஒரு தடவதான் சொல்லுவேன்." சொன்னபடியே மறுபடி சொல்லவில்லை.

ஆகஸ்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நீ இல்லை. ஆடுகோடி வீட்டில் அந்த ஒரே ஹாலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நான் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல், மூன்று மணி வாக்கில், வாசலில் அக்கா வந்து நின்றாள். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் பெரிய பை. நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"யாருக்கா சொன்னா?"

"செவ்வாக்கிழமை காலையில பத்து மணி ஆனா நாங்க பேசுவோம். இன்னிக்கு அவங்க அம்மா எடுத்தாங்க."

ஏழு மாதம். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ சொன்ன படங்களை மட்டும்தான் பாப்பாவுக்குப் போடுவாளாம். பேசி முடிக்கும்போது ஒவ்வொரு வாரமும் நீ ஒன்று கேட்பாயாம். அக்கா உன் கால்மாட்டில் உட்கார்ந்து, உன்னைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். "'பைய எடுத்து வெச்சிட்டீங்களாக்கா?'ன்னு கேப்பா. இன்னும் இல்லம்மான்னுவேன். 'பரவால்ல, அடுத்த வாரம் கேக்கிறேன்'னு வெச்சிடுவா. இன்னிக்குக் கேக்க யாருமில்ல. நானே எடுத்து வெச்சிட்டேன்."

அவள் திரும்பிப் போகவில்லை. நான் பி.ஜி. விடுதியைக் காலி செய்துவிட்டு சந்தாபுராவில் ஒரு வீடு எடுத்தேன். ஒரு ரூம், ஒரு சமையலறை. அக்கா பக்கத்து அபார்ட்மென்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பாப்பா கன்னடத்தில் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பா எங்களோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் அவர் மண்டிக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

உன் இடத்தில் இப்போது திருப்பத்தூர்ப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். கட்டங்களைத் திறப்பதற்கு முன் உன் கேள்வியை அவளிடம் நான் கேட்கிறேன். குறிப்பும் எழுதுகிறேன். யார் அடித்தார், யார் அடி வாங்கினார், யார் சிரித்தார். "இது நம்ம வேலை இல்லம்மா" என்று டீம் லீடர் சிலவற்றை எடுத்துவிடுவார். சில தப்பித்து மேலே போகும். இரண்டு முறை கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். அந்தப் பழைய படத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லியும் எழுதினேன். அது இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பை தக்காளியோடு வாசலில் நின்றார். அக்கா உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள். சாப்பிடும்போது அப்பா ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும், என்ன செய்வதென்று தெரியாமலோ என்னவோ, "ஏதாவது படம் போடேன்மா" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்தேன். எந்தப் படத்துக்கு முன்னாலும் பாப்பா கேட்கிற ஒன்று உண்டு. அதைக் கேட்டாள்.

"சித்தி, இதுல அடிப்பாங்களா?"

"இல்ல."

"அடிச்சா தாத்தா சிரிப்பாரா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா பாப்பாவைப் பார்த்தார். "மாட்டேன் கண்ணு" என்றார். பிறகு, "அன்னிக்குச் சிரிச்சது தப்புதான்" என்றார். அதை அக்காவிடம் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துச் சொன்னார். டிவியில் இன்னும் எதுவும் ஓடவில்லை.

நான் ஒரு படத்தை எடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன் நான் குறித்துக் கொடுத்த படம். நல்ல படம். ஆனால் சொல்லாமல் போட எனக்கு மனம் வரவில்லை.

"அப்பா, இதுல ஒரு முத்தம் இருக்கு. அம்பத்திரண்டாவது நிமிஷத்துல. எட்டு செகண்ட்."

நீ நம்ப மாட்டாய். சொன்னது நான்தான்.

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார்.

"எட்டு செகண்டுதானே" என்றார். "வந்துட்டுப் போவட்டும். போடு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.