இருநூறு மீட்டர் என்று எழுதியிருந்தது

என் மொட்டைக்கு,

முப்பத்தொரு வயசானாலும் எனக்கு நீ மொட்டைதான். போலீஸ் காகிதத்தில் குமரேசன் என்று வாசித்தபோது, யாரோ வேறு ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

போன வாரம் உன் முதல் வருஷத் திதி. படையலில் உனக்குப் பிடித்த நெத்திலி சம்பல் வைத்தேன். சின்னம்மா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாரிடமும், "அவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துலயே இருந்துச்சு" என்றார். உனக்கு ஏது ஜாதகம்? செடெனாக் தோட்டத்தில் நீ பிறந்தபோது எழுதி வாங்கணும், எழுதி வாங்கணும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதோடு சரி. உனக்குத் தண்ணியில் கண்டம் இல்லை மொட்டை. நான் வாங்கிக் கொடுத்த வாட்சில்தான் கண்டம்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ மட்டும் படித்தால் போதாது.

பொந்தியான் பக்கம் கடலில் மீன் வளர்க்கிற இடத்தில் அஞ்சு வருஷம் தீனி மூட்டை தூக்கினாய். அப்புறம் உன்னைத் தண்ணிக்குள் இறக்கி, மீன் கூண்டு வலை தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் காற்று டாங்கியோடு ஒரு படம் அனுப்பினாய். கூலாய் ஃபேக்டரியில் என்னோடு பெட்டி அடுக்குகிற அத்தனை பேருக்கும் அந்தப் படத்தைக் காட்டினேன். ஆறாம் வகுப்போடு நின்ற நமக்கு இது பெரிய உத்தியோகம் இல்லையா? அதற்குத்தான் ஜொகூர் பாருவுக்குப் போய் வாட்ச் வாங்கினேன்.

கடைக்காரன் நம்ம ஆள்தான். இரண்டு வாட்சைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். "இது சாதா காப்பி. இது காப்பி ஒரி லா அக்கா" என்றான். ஒரி என்றால் ஒரிஜினல், அந்தச் சொல்தான் என் காதில் விழுந்தது. முன்னால் காப்பி என்று ஒரு சொல் இருந்ததே, அது ஏன் உறைக்கவில்லை? தண்ணி தாங்குமா என்று கேட்டேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணி பிடித்து வாட்சை அதில் போட்டுவிட்டு, என்னிடம் கதை பேசிக்கொண்டிருந்தான். எடுத்துத் துடைத்தான். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இருநூறு மீட்டர் அக்கா. அவ்வளோ ஆழத்துக்கு ஜொகூர்ல கடலே இல்ல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. ஆனால் 200 படிக்க வரும். அதன் முகத்திலேயே எழுதியிருந்தது.

உன் வேலை எப்படி என்று நீ செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தண்ணி சேற்றுத் தண்ணி. கையை நீட்டினால் கை தெரியாது, வாட்சில் மினுங்குகிற முள் மட்டும் தெரியும். டாங்கியில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிற கருவி எப்போதோ கெட்டுவிட்டது, முதலாளி மாற்றவில்லை. அதனால் வாட்சைப் பார்த்துத்தான் வேலை. நாற்பது நிமிஷத்துக்குக் காற்று, முப்பத்தைந்தில் ஏறி வந்துவிட வேண்டும்.

நீ பதினொரு மணிக்கு இறங்கினாய். உன்னைத் தூக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. காலில் வலை சுற்றியிருந்தது. வாட்சுக்குள் தண்ணி புகுந்து, முள் பதினொன்று இருபத்தைந்தில் நின்றிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்றுதானே அடி மூலைக்குப் போனாய்?

உன்னை எடுக்கிற அன்றைக்கு முதலாளியும் வந்தான். வாசலில் நின்றுகொண்டு, கையில் வாட்ச் கட்டியிருந்தானே, மணி பார்க்க மாட்டானா என்று மலாயில் கேட்டான். பார்த்ததால்தான் செத்தாய் என்று அவனுக்கு யார் சொல்வது?

காரியம் முடிந்த பிறகு வாட்சை எடுத்துக்கொண்டு கூலாயில் கடிகாரம் பழுது பார்க்கிற சீனப் பெரியவரிடம் போனேன். பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணியை மறிக்கிற ரப்பர் வளையம் நூல் மாதிரி இருந்தது, தொட்டதும் அறுந்தது. பக்கத்தில் இருக்கிற திருகு, திருகி இறுக்குகிற மாதிரி ஒரு வேஷம், இறுகவே இறுகாது. குவளைத் தண்ணிக்குக் கனம் இல்லை அம்மா, ஆழத்துத் தண்ணி நாலு பக்கமும் அமுக்கும் என்றார். 200 என்கிற எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமாம். இந்த மாதிரி வாட்சோடு கை கழுவலாம், நீந்த வேண்டாம், முக்குளிக்கவே கூடாது என்றார். இதைச் சொல்ல அவருக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆனது. வாங்குவதற்கு முன்னால் அவரிடம் போகாமல் விட்டது யார்? நான்தான்.

கடைக்கும் போனேன். அவன் என்னை மறந்திருந்தான். மேசையில் வாட்சை வைத்ததும், "அய்யோ அக்கா, இதெல்லாம் ஸ்டைலுக்குக் கட்டுறது, யாராச்சும் கடல்ல எறங்குவாங்களா?" என்றான். எங்கள் மொட்டை இறங்கினான் என்றேன். கண்ணாடிக் குவளை அதே இடத்தில்தான் இருந்தது.

இதோடு என் மனசு ஆறியிருக்கும். மோசம் போனோம், ரெண்டு பேரும் தெரியாமல் மோசம் போனோம் என்று அழுதுவிட்டுக் கிடந்திருப்பேன். ஆனால் திதிக்கு உன்னோடு வேலை செய்த சேகர் வந்தான், லாபிஸ் ஊர்ப் பையன். எல்லாரும் போன பிறகும் அவன் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அவனுக்குத் தெரியும்க்கா. மொத மாசமே வாட்ச் கண்ணாடிக்குள்ள பனி புடிச்சிச்சு. அரிசி டின்னுக்குள்ள போட்டுக் காய வச்சான்."

தெரிந்தால் ஏண்டா கட்டினான் என்று கேட்டேன்.

"வீடியோ கால்ல நீங்க மொதல்ல கையத்தான பாப்பீங்க."

ஆமாம் மொட்டை. சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், வாட்ச் எங்கடா என்று கேட்டேன். ஒரு தரம் வெறுங்கையோடு வந்தாய் என்று நாலு நாள் உன்னோடு பேசவில்லை. நான்தான் அந்த அக்கா.

தண்ணியில் இறங்கும்போது என்னுடையதைக் கழற்றிவிட்டு, ஆட்கள் எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டுகிற ரப்பர் வாட்சைக் கட்டிக்கொள்வாயாம். அன்றைக்கு அதன் வார் அறுந்துவிட்டது. முதலாளி அவசரப்படுத்தினான். போகாதடா என்று சேகர் சொல்லியிருக்கிறான்.

உன் படத்துக்கு முன்னால் நான் வாங்கிய அந்த வாட்சை வைக்கச் சொன்னார்கள், வைக்க மாட்டேன். என் கைப்பையில் கிடக்கிறது. ஃபேக்டரியில், பஸ்ஸில், கோயிலில், எவன் கையில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தாலும் நிறுத்தி, இதை எடுத்துக் காட்டுவேன். கிறுக்கி என்பார்கள், சொல்லட்டும். என் உடம்பு நடமாடுகிற வரைக்கும் இதைச் செய்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். படகிலிருந்து குதிக்கிறதுக்கு முன்னால் நீ சேகரிடம், "தாங்கும்டா, எங்கக்கா வாங்குனது" என்றாயாம். எப்படிச் சொன்னான் என்று நாலு தரம் கேட்டுவிட்டேன், ஞாபகம் இல்லை என்கிறான். நீ சொல்லு மொட்டை, அதைக் கிண்டலாகச் சொன்னாயா, நம்பிச் சொன்னாயா?

உன் அக்கா,
லெட்சுமி