சத்தமாகப் படித்த கதை

காஜா பேராங், 6-8-1957, செவ்வாய்

கதைப் புத்தகத்தைக் கண்டால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டு வேலை முடிந்து எனக்குக் கிடைப்பது பாடம் படிக்கும் ஒரு மணி நேரம்தான். அதையும் சமையலறையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கதையையே பாடம்போல ராகம் போட்டுப் படித்து வந்தேன்.

இன்று கதையில் வரும் பெண்ணின் கப்பல் புயலில் சிக்கிய இடத்தில் என்னை மறந்து மனத்துக்குள் படித்துவிட்டேன். அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

“ஏண்டி நிறுத்திட்ட? அந்தப் பொண்ணு பொழச்சாளா இல்லியா?”

விட்ட இடத்திலிருந்து சத்தமாகத் தொடர்ந்தேன். வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. அம்மாவே புத்தகத்தைப் பிடுங்கி சமையலறை அரிசி டின்னுக்குள் புதைத்தார்.

“மலாய்ப் பாடத்த எடு. சத்தமா!”

புத்தகத்தை நாளைக் காலை நூலகத்தில் கொடுக்க வேண்டும். இன்னும் எட்டுப் பக்கம் இருக்கிறது. சமையலறையில் சாப்பிட உட்கார்ந்த அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை.