நான் அணைக்காமல் விட்ட உன் கார்

மச்சான்,

காலையில் சட்டையைக் கழுவப் போட்டபோது பையிலிருந்து உன் கார் சாவி விழுந்தது. குனிந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் காரை நீ வாங்கிய புதிதில், தெல்தெனிய போகிற ஏற்றத்தில் வைத்துச் சொன்னாய்: "இந்த எஞ்சின் சில்லத் தொடாது மச்சான். கரண்ட் மட்டும் செய்யும். சில்லச் சுத்துறது மோட்டர். ஏத்தமோ எறக்கமோ, எஞ்சின் தனக்குச் சோக்கான வேகத்திலதான் ஓடும். அதான் பெட்ரோல் மிச்சம்."

நான் அதை மடவளைத் தேத்தண்ணிக் கடையில், ஒரு போத்தல் பெட்ரோலில் கலகெதர போய் வந்த கதையாக்கினேன். பக்கத்திலிருந்த நீ, "ரெண்டு எண்டு சொல்லுடா, நம்புவாங்க" என்றாய்.

வாகனம் என்றால் கண்டியில் என்னை மிஞ்ச ஆளில்லை. நீ கண்மூடிய அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உன் காரை நான்தான் ஓட்டிவந்து உன் வாசலில் நிறுத்தினேன். சத்தமில்லை, அணைந்துவிட்டது என்று இறங்கிவிட்டேன். பட்டனை அமத்தவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாவியும் உள்ளே.

உன் மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிய நேரம் பெட்டரி இறங்கியிருக்க வேண்டும். ஆளில்லாத கார் உறுமியது. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். காரணம் அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு சொன்னது: "அவனுக்குப் போக விருப்பமில்ல."

அஸர் தொழுகைக்குள் ஊரெல்லாம் பரவியது. லைட் எரிந்ததையும் ஸ்டியரிங் திரும்பியதையும் நானே சேர்த்துவிட்டேன். மறுநாள் பெட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை எடுத்துவந்தேன்.

உன் மனைவி வெளியே வராமல் இத்தா இருக்கும் அறையின் ஜன்னல் காருக்கு நேரே. அவள் உண்பதில்லை, உறங்குவதில்லை, அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்று என் பொஞ்சாதி சொன்னாள். போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஒப்புக்கொண்டேன்.

"தங்கச்சி, அது என்ட பிழை. நான் ஓஃப் பண்ணாம விட்ட. பெட்டரி இறங்கினா எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும். அவர் போயிட்டார்."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்:

"அப்ப, இப்ப நான் லுஹர் தொழக்க ஸ்டார்ட் ஆன சத்தம்? எஞ்சினக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க நானா."

வெளியே தூறல். சாவி என் பையில். பொனட்டைத் திறந்தேன். வயர் நான் கழற்றியபடியே கிடந்தது. எஞ்சினில் கை வைத்தேன்.

சுட்டது.

திரும்பி வந்து, "ஐஸ் மாதிரி இரிக்கி தங்கச்சி" என்றேன். அவள் அழுதாள். அன்று பின்நேரம் சோறு கேட்டாளாம், சாப்பிட்டுவிட்டு உறங்கினாளாம்.

கண்டதைக் குறைத்துச் சொன்னது என் ஆயுசில் அது ஒன்றுதான் மச்சான். ஐந்து வேளையும் வுழூ எடுத்துக் கை கழுவுகிறேன். வலது உள்ளங்கையில் மட்டும் அந்தச் சூடு ஆறவில்லை.