ஓநாயின் பக்கத்திலிருந்து

நேற்று பகலில் மகள் ஓநாய் மனிதப் படம் ஒன்றைப் போட்டிருந்தாள். சமையலறையில் இருந்த எனக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. உறுமல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சொல்லைத் தொடங்கி முடிக்க முடியாமல் திணறும் தொண்டை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாம் ஒன்றாகப் படித்த கல்லூரி நாட்களில் ராயபுரத்தில் பகல் காட்சிக்கு என்னை இழுத்துப் போவாய். தமிழில் குரல் கொடுத்த ஆங்கிலப் பேய்ப் படங்கள். நிலா வந்ததும் ஒருவனுக்கு முடி முளைக்கும். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வேன். "இன்னாத்துக்குடி பயப்படுற? நம்ம கெமிஸ்ட்ரி சாரு ஷேவ் பண்ணாம வந்தா மாரி கீறான்" என்பாய். முன்வரிசையே திரும்பிச் சிரிக்கும். பிறகு என் காதோரம் குனிந்து, "ஓநாய பாக்காதடி. அத பாத்துகினு நிக்கிறாளே, அவ மூஞ்சப் பாரு. பயம் அங்கதான் கீது" என்பாய். இத்தனை வருடங்களாக நான் அப்படித்தான் படம் பார்க்கிறேன்.

நேற்றைய படத்தில் முழுநிலவு இல்லை, ரத்தமும் அதிகமில்லை. ஓர் அக்கா, ஒரு தங்கை. கடிபட்ட அக்கா குளியலறையில் கிடக்கிறாள். கதவுக்கு வெளியே தங்கை. அவளுக்கு உறுமல் மட்டும் கேட்கிறது. சட்டென்று கேமரா உள்ளே போகிறது. அங்கே அக்கா தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்: "பயப்படாதே, நான்தான்." வெளியே வந்தால் மறுபடி உறுமல். தங்கை தாழ்ப்பாளைப் போடுகிறாள். படத்தின் பலம் அதுதான். ஓநாயின் பக்கத்திலிருந்து நம்மைக் கேட்க வைத்துவிட்டது. நீ சொல்லித் தராமல் விட்டது அது ஒன்றுதான்.

உனக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது நீ நெட்டுக்குப்பத்தில் இருந்தாய், நான் டோல்கேட்டில். ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். கொஞ்சம் தேறட்டும், போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "உன் போட்டோவையே காட்டிகினு கீறாம்மா. பேசு, அவளுக்கு எல்லாம் புரியுது" என்று உன் காதில் வைத்தார். நீ ஏதோ சொன்னாய். என் பெயராக இருந்திருக்கலாம். எனக்கு வெறும் தொண்டைச் சத்தம்தான் கேட்டது. அத்தனை வாயாடியிடமிருந்து அப்படி ஒரு சத்தம். "ஹலோ, ஹலோ... சிக்னல் இல்லண்ணா, ஒண்ணும் கேக்கல" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

காரியத்தன்று உன் வீட்டுக்காரர் பக்கத்து மொட்டைமாடியைக் காட்டினார். "டவரு இங்கயே கீதும்மா. அன்னிக்கு மட்டும் இன்னா பேஜாரோ." நான் தலையாட்டினேன்.

அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நீ நம்பியிருக்க மாட்டாய். அன்று சிக்னல் நன்றாகவே இருந்தது. நீ மூச்சை இழுத்து, இரண்டாம் முறை சொல்ல ஆரம்பித்ததுகூட எனக்குக் கேட்டது.