லேபிள் சுரண்டிய புட்டி

அனுப்புநர்:
சலவை நிலைய ஊழியர் (பெண்),
மார்க்கெட் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: தாம்பத்திய உறவின்போது பிறப்புறுப்பு வறட்சிக்குப் பூசும் லூப்ரிகண்ட் ஜெல்லை, லேபிளைச் சுரண்டிவிட்டு விற்கும் மருந்துக்கடை மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக. (இந்த வரியை அலுவலகத்தில் யாரும் திருத்த வேண்டாம். காரணம் பத்தி 5-இல் உள்ளது.)

பார்வை: இதே பொருளில் நான் அளித்து, தங்கள் அலுவலகம் வேறு பொருளாக்கிவிட்ட முந்தைய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவை மிகுந்த பணிவோடு எழுதினேன். இதையும் பணிவோடுதான் எழுத முயல்கிறேன். முடியாமல் போகும் இடங்களில் பொறுத்தருள வேண்டும்.

1. எனக்கு வயது நாற்பத்தெட்டு. கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மகனும் மருமகளும் எங்களுடன் இருக்கிறார்கள். மாதவிலக்கு தாறுமாறாகத் தொடங்கியதிலிருந்து உறவின்போது எனக்கு வறட்சியும் வலியும் ஏற்பட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கணவர் கண்டுபிடித்துவிட்டார். "வலியைத் தாங்கிக்கிட்டு எனக்காக ஒண்ணும் படுக்க வேணாம், முதல்ல டாக்டரைப் பாரு" என்று அவர்தான் அனுப்பினார். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

2. மகளிர் மருத்துவர் அம்மையார், இது இந்த வயதில் பலருக்கும் வருவதுதான் என்று கூறி, தண்ணீர் சேர்த்துத் தயாரித்த ஜெல் ஒன்றைச் சீட்டில் எழுதித் தந்தார். வாசனை சேர்த்தது கூடாது, சூடோ குளிர்ச்சியோ தரும் என்று விற்பது கூடவே கூடாது, எனக்கு அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருவதால் கிளிசரின் அதிகமுள்ளதும் வேண்டாம் என்றார். சமையல் எண்ணெயைத் தொடாதீர்கள், எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிந்துவிடும் என்றும் எச்சரித்தார். இந்த வயதில் எனக்கெதற்கு ஆணுறை என்று கேட்டேன். "மாதவிலக்கு முழுசா நிக்கட்டும்மா. மாமியாரும் மருமகளும் ஒரே நாள்ல பிரசவத்துக்கு வந்து நிக்கப் போறீங்களா?" என்றார். எதை வாங்கினாலும் லேபிளைப் படித்துவிட்டுப் பூசுங்கள் என்பதே அவர் கடைசியாகச் சொன்னது.

3. சீட்டை மருந்துக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் பின்னால் போனார். பிளேடால் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை, பார்க்காமலே என் கையில் திணித்தார். வீட்டில் பிரித்தால் அட்டைப்பெட்டி இல்லை, புட்டியில் ஓர் எழுத்து இல்லை, பசை மட்டும் ஒட்டியிருந்தது. சீட்டில் எழுதியதைத்தான் தந்திருப்பார் என்று நம்பினேன்.

4. பூசிய கொஞ்ச நேரத்தில் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரிந்தது. நான் அலறிய அலறலில் மருமகள் ஓடிவந்து கதவைத் தட்டினாள். கணவர் சுவரோரம் போய் நின்றுகொண்டு, "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முதுகு வலி என்று சொல்லிக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். அது என்ன முதுகு வலி என்பது எனக்குத் தெரியாதா, ஐயா?

மருத்துவர் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். புட்டியை முகர்ந்து பார்த்து, "வாசனை போட்டிருக்கான், புதினா நெடியும் அடிக்குது. ஆனா லேபிள் இல்லாம நான் எதைன்னு அடிச்சுச் சொல்றது?" என்றார். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். சீட்டில் இருந்தது இருப்பில் இல்லையாம், எல்லோரும் வாங்குவதைத் தந்தாராம். லேபிளை ஏன் சுரண்டினீர்கள் என்றதற்கு, "வீட்ல யார் கண்ணுலயாவது பட்டா உங்களுக்குத்தானேம்மா மானக்கேடு? பெண்கள் வாங்கினா எப்பவும் எடுத்துட்டுத்தான் கொடுப்பேன். அடுத்த தடவை வீட்டுக்காரரை அனுப்புங்க" என்றார். அதே கடையில் எலி மருந்துக்கு லேபிள் இருக்கிறது. நான் துவைக்கும் உள்பாவாடைக்குக்கூட எந்தச் சூட்டில் துவைப்பது என்று துணித்துண்டில் எழுதித் தைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் போகிற பொருளுக்கு மட்டும் எழுத்து ஆகாதா? என் மானத்துக்குக் காவல் இருக்கச் சொல்லி அவரிடம் நான் சீட்டுக் கொடுக்கவில்லை.

5. இதையெல்லாம் எழுதித் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். எழுத்தர் பொருள் வரியை அடித்துவிட்டு மேலே "குடும்பப் பிரச்சினை" என்று எழுதி, குடும்ப ஆலோசனை மையத்துக்கு அனுப்பிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஆலோசகர் அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்து, மகன், மருமகள் முன்னால் என் கணவரை உட்கார வைத்து, "ஏங்க அடிக்கிறீங்க?" என்று கேட்டார். தெருநாய் குறுக்கே படுத்திருந்தால் இறங்கிப்போய் எழுப்பிவிட்டு வண்டியை எடுக்கிற மனிதர் அவர். கோபப்படுவார் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அடிக்கலம்மா. ஆனா அவளுக்கு வலி வந்தது என்னாலதான்" என்றார். எழுத்தரிடம் வந்து கேட்டால், "அப்படியே எழுதினா அதிகாரி மேஜைக்கு எப்படிம்மா கொண்டுபோறது? உங்க மரியாதைக்காகத்தான்" என்கிறார். ஆளாளுக்கு என் மரியாதையைக் காப்பாற்றி என் வீட்டை இரண்டாக்கிவிட்டீர்கள்.

6. ஆகவே, இவ்வகைப் பொருள்களின் லேபிளையோ பெட்டியையோ அகற்றி விற்கக் கூடாதென அந்தக் கடைக்கும் மற்றக் கடைகளுக்கும் உத்தரவிட வேண்டும். எழுதிய பொருள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும். வாங்க வந்தவளிடம் புருஷனை அனுப்பு என்று சொல்வதை நிறுத்தட்டும். மறைத்துக் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் மேலே காகிதம் சுற்றிக்கொள்ளலாம், பிளேடை எடுக்க வேண்டாம்.

7. மீதமிருக்கும் ஜெல்லைப் புட்டியோடு இணைத்துள்ளேன். அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, உள்ளே என்ன இருக்கிறது, எரிச்சலுக்கு அதுதான் காரணமா என்பதை இரண்டு வரியில் எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டுகிறேன். "உங்களால இல்லைங்க, அந்தக் கருமத்தாலதான்" என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றே" என்கிறார். என் பேச்சை நம்பாதவர் அரசாங்க முத்திரையை நம்புவார். தாங்கள் அனுப்பும் பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், ஐயா. உறையின் மேல் என் கணவர் பெயரை எழுதுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: சலவை நிலையம்
நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை