சாம்பசிவன் சார் ஜன்னலுக்கு நேராக

அன்புள்ள அப்பாவுக்கு எப்சியின் ஸ்தோத்திரம். மூட்டுவலி தைலத்துக்குக் கேட்கிறதா? நான் சுகம்.

டிசம்பர் தொடக்கத்தில், சேலையூரில் எங்கள் தெருமுனையில், பைக்கில் வந்தவன் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் கீறல்தான், ஆறிவிட்டது. அப்போதே எழுதியிருந்தால் பள்ளிக்கூட வேலையை விட்டு வரச் சொல்லியிருப்பீர்கள். கம்பத்து விளக்கு எரிந்திருந்தால் பைக் நம்பராவது தெரிந்திருக்கும். படுக்கையறையில் வெளிச்சம் விழுகிறதென்று அதை அணைக்க வைத்தவர் எதிர்வீட்டுச் சாம்பசிவன் சார், காலனிச் சங்கச் செயலாளர். கேட்டேன். "இருட்டினப்புறம் யாரும்மா உங்களை நகை போட்டுக்கிட்டு சுத்தச் சொன்னது?" என்றார்.

மறுநாளே ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாங்கி, பெரிய பல்பு போட்டு, அவர் ஜன்னலுக்கு நேராக மாடியில் கட்டினேன். பிப்ரவரி வந்தும் இறக்கவில்லை. நேற்று அவரே வந்தார்.

"பண்டிகை முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு! தூக்கமே இல்லம்மா. எப்ப கழட்டுவீங்க?"

"கம்பத்துல லைட் எரியட்டும், அன்னிக்கே கழட்டிடறேன் சார்."

இன்று மாலை விளக்கு எரிந்தது. டியூஷன் முடித்த பெண்கள் அதன் கீழே நின்று சிரித்துப் பேசினார்கள். சொன்னபடி நட்சத்திரத்தை இறக்கிவிட்டேன். கம்பத்து வெளிச்சமும் அவர் படுக்கையறையில்தான் விழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள், இரண்டு நாள் இருக்கலாம்.

அடுப்பில் பால் பொங்குகிறது, முடிக்கிறேன். அந்தத் திருடனுக்காகக்கூட ஜெபித்துவிட்டேன் அப்பா. சாம்பசிவன் சாருக்காக மட்டும் இன்னும் வாய் வரவில்லை.

எப்சி