படுக்க வைத்த ஈர்க்கு

இன்று காலை வகுப்பறை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவியபோது நீ நினைவில் வந்துவிட்டாய். பெரம்பலூரில் நான் இப்போது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். கரும்பலகையில் வரைந்த வளைகோட்டின் மேல் ஈர்க்கை நிமிர்த்திப் பிடித்து, இடமிருந்து வலமாக நகர்த்திக் காட்டினேன். எங்கேயும் கோட்டை ஒரு தடவைக்கு மேல் தொடவில்லை என்றால் அது சார்பு. ஓரிடத்தில் இரண்டு முறை தொட்டுவிட்டாலும் சார்பு இல்லை. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. முன்பெஞ்சுக்காரி கேட்டாள்: “நீங்களே கண்டுபுடிச்சதா டீச்சர்?”

ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

அரியலூரில் நாம் பத்தாவது படித்தபோது, கிண்ணம் போன்ற வளைகோட்டை வரைந்துவிட்டு, அது சார்பா என்று சொல்ல டீச்சர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அடிக்கோலைப் படுக்கையாக வைத்து, “ரெண்டு எடத்துல வெட்டுது, சார்பு இல்லைங்க டீச்சர்” என்றேன். நீ கதவோரத்து விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தாய். உன் ஊர் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலைத் தூசி உன் பாவாடை ஓரத்தில் எப்போதும்போல.

“படுக்கப் போட்டா எப்புடிடி? நிமுத்திப் புடி.”

வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரையாண்டில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். நான் மாதக்கணக்கில் முட்டி மோதி எடுத்ததை, நீ பஸ்ஸில் புரட்டிப் பார்த்தே எடுத்திருந்தாய். துள்ளிக்கொண்டு வந்தவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வரலாம்டி, லூசு. ஒருத்திக்கே ரெண்டு வேற வேற மார்க் வந்தாத்தான் தப்பு.”

சார்பு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போன வருஷம் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் அழுதுகொண்டே நின்றபோது, தெரு முனைவரை நின்ற கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

இன்று வகுப்பு முடிந்து மணியடிக்குமுன் பிள்ளைகளை உட்காரச் சொன்னேன்.

“அந்த ஈர்க்கு வித்தை நான் கண்டுபுடிச்சது இல்ல. என் சிநேகிதி சொல்லிக்குடுத்தது. என்னைவிடக் கெட்டிக்காரி.”

“உங்களைவிடவா டீச்சர்?”

“ஆமா.”

‘கொஞ்சம்’ என்று சேர்க்க வாய் துடித்தது. சேர்க்கவில்லை.

ஈர்க்கு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பலகையில் அதை நிமிர்த்தித்தான் பிடிக்கிறேன். உன்னை நினைக்கும்போது மட்டும் அது படுத்துக்கொள்கிறது, என் உயரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்க. நீதான் நிற்கிறாய், ஈர்க்குக்கு ஒரு விரற்கடை மேலே.